எங்கள் பை 6.15க்குக் கிளம்பியது

ஞாயிற்றுக்கிழமை காலை 6.15க்கு எங்கள் பை கிளம்பியது. நாங்கள் கிளம்பியது பகல் 12.05க்கு. இடையில் உள்ள ஆறு மணி நேரத்தில் நடந்ததைச் சொல்லாமல் இந்தப் பயணத்தைப் பற்றி எழுத முடியாது. சொல்லும்போது கொஞ்சம் காரமாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாம்பரத்துக்குத் தெற்கே பதினாலு கிலோமீட்டர் தொலைவில், புதிதாக ஒரு பெரிய பொழுதுபோக்குப் பூங்கா திறந்திருந்த சமயம் அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ராட்டினம், பொம்மை ரயில், சறுக்குக் குழாய் எல்லாம் இருந்தாலும், ஊர் முழுக்கப் பேச்சு அங்கே இருந்த அலைக் குளத்தைப் பற்றித்தான். மணிக்கு ஒரு தடவை, அரை மணி அடிக்கும்போது சங்கு ஊதுவார்கள். பத்து நிமிடம் குளத்தில் கடல் மாதிரி அலை எழும்பும். கடல் போல் ஆளை இழுத்துக்கொண்டு போகாது. இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு அதில் இறங்க வேண்டும் என்று ஒரே ஆசை.

ஆசைக்குக் காரணம் உண்டு. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் மெரினா, கோவளம், மகாபலிபுரம் என்று எத்தனையோ முறை தண்ணீர் இருக்கும் இடங்களுக்குப் போயிருக்கிறோம். ஒரு முறைகூட என் முழங்கால் நனைந்ததில்லை. எல்லோரும் செருப்பையும் கடிகாரத்தையும் மூக்குக் கண்ணாடியையும் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு ஓடுவார்கள். நான் பையைப் பார்த்துக்கொள்ளும் ஆள். யாரும் என்னை அப்படி நியமிக்கவில்லை. ஆனால் யாரும் மாற்றவும் இல்லை.

அதனால் இந்தப் பயணத்தை நானே திட்டமிட்டேன். பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் தட்டச்சராக இருந்தேன். ஒரு சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, தனியாகப் பஸ் பிடித்துப் பூங்காவுக்கே போய் விசாரித்தேன். பெரியவர்களுக்குத் தொண்ணூறு ரூபாய், பிள்ளைகளுக்கு எழுபது. வெளிச் சாப்பாடு கூடாது. புடவையோடு குளத்தில் இறங்கக் கூடாது. அவர்களே நைலான் உடை வாடகைக்குத் தருவார்கள், பத்து ரூபாய். சாமான் வைக்கப் பூட்டு அலமாரி உண்டு, ஆனால் பதினோரு மணிக்குள் தீர்ந்துவிடும். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, அடுத்த மாத ஞாயிறு ஒன்றுக்கு ஐந்து பேருக்கும் முன்பதிவுச் சீட்டு வாங்கினேன். சீட்டில் தேதி அச்சடித்திருந்தது. அன்று போகாவிட்டால் செல்லாது.

வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன். எட்டேகாலுக்குக் கிளம்புகிறோம், பத்து மணிக்குக் கேட்டில் நிற்கிறோம், பத்தரை அலையில் நான் இறங்குகிறேன். "இறங்கேன், யார் வேண்டாங்கிறா?" என்றார் என் கணவர். இந்த வாக்கியத்தை நம்பியது என் தப்பு.

என் மாமனார் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் எல்லா ராகு காலத்திலும் எமகண்டத்திலும் பச்சைக் கொடி காட்டி வண்டியை அனுப்பியவர். ஆனால் வீட்டை விட்டு ஒரு குடும்பம் கிளம்புவதென்றால் மட்டும் பஞ்சாங்கம் வேண்டும். பார்த்துவிட்டு, எட்டேகால் சரியில்லை, காலை 6.15தான் நல்ல நேரம் என்றார். பூங்கா திறப்பதே பத்து மணிக்கு, ஆறேகாலுக்குப் போய் யார் முகத்தில் விழிப்பது என்று கேட்டேன். அதற்கும் வழி இருக்கிறது, பரஸ்தானம் வைத்துவிடலாம் என்றார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நல்ல நேரத்தில் ஆள் கிளம்ப முடியாவிட்டால், பயணத்துக்கு வேண்டிய ஒரு பொருளை அந்த நேரத்தில் எடுத்துப்போய் அக்கம்பக்கத்து வீட்டில் வைத்துவிடுவது. அப்படி வைத்தால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு ஆள் எப்போது வேண்டுமானாலும் போகும் வழியில் அதை எடுத்துக்கொள்ளலாம்.

சரி, ஒரு துண்டை வைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். 6.15க்கு அவர் ஒரு துணிப்பையோடு நாலு வீடு தள்ளி இருந்த ஸ்டெல்லா டீச்சர் வீட்டுக்குப் போய், கொடுத்துவிட்டு வந்தார்.

காலை 8.15. எல்லோரும் செருப்பு மாட்டியாகிவிட்டது. சீட்டுக் கவரைத் தேடுகிறேன், அலமாரியில் இல்லை. மாமனார் நிதானமாகச் சொன்னார்: பரஸ்தானத்துக்குச் சும்மா துண்டு வைத்தால் செல்லாதாம், பயணத்துக்கு உயிரான பொருளாக இருக்க வேண்டுமாம், அதனால் சீட்டைத்தான் வைத்தாராம். போகும் வழிதானே, எடுத்துக்கொள்ளலாம் என்று நடந்தோம். ஸ்டெல்லா டீச்சர் வீட்டில் பூட்டு தொங்கியது.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஐந்து வாரம் அந்தக் கவரைப் பாதுகாத்தவள் நான்.

டீச்சர் எப்போதும் மாலை ஆராதனைக்குப் போகிறவர். காலையில் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. "வந்துடுவாங்க, இரு" என்று என் கணவர் வீட்டுக்குத் திரும்பிப் பேப்பரை விரித்தார். ஒன்பதேகால் வரை இருந்தேன். எதிர்வீட்டு அம்மாதான் சொன்னார், இன்று அவர்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகை, பல்லாவரத்துக்குப் போயிருக்கிறார்கள், மத்தியானம் ஆகும் என்று. யார் போய்ச் சாவி வாங்கி வருவது? என் கணவர் என்னைப் பார்த்தார். டீச்சர் உனக்குத்தானே பழக்கம் என்றார்.

காலை 10.00, பல்லாவரம். ஆராதனை நடந்துகொண்டிருந்தது. நடுவில் புகுந்து சாவி கேட்க முடியுமா? வெளியே வேப்ப மரத்தடியில் நின்றேன். முடிந்து எல்லோரும் வந்தபோது மணி பத்தே முக்கால். வந்ததும் ஏலம் தொடங்கிவிட்டது. அறுப்பின் பண்டிகைக்குச் சபையார் கொண்டுவந்து படைத்த வாழைத்தார், பரங்கிக்காய், கேக், உயிரோடு ஒரு சேவல் எல்லாம் மேஜையில் இருக்க, ஏலம் விடுபவர் பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தது சாட்சாத் ஸ்டெல்லா டீச்சர். சேவல் விலைபோகும் வரை காத்திருந்து அவர் காதில் விஷயத்தைச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது அவருக்கு.

"ஐயோ சாந்தி, போன வருஷம் ஐயா காசிக்குப் போறப்போ வெச்ச பை மூணு நாள் எங்க வீட்லதானே இருந்தது? இதுவும் அப்படின்னு நெனச்சிட்டேன்மா."

அவர் மேல் என்ன தப்பு? மூன்று நாள் முன்பே பரஸ்தானம் வைப்பவர்களும் உண்டு. என் மாமனார் அதையும் செய்வார், இதையும் செய்வார், ஆனால் எது எப்போது என்று யாருக்கும் சொல்ல மாட்டார். சாவியை வாங்கிக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலைக்கு ஓடினேன்.

பகல் 11.40, குரோம்பேட்டை. நான் வந்து சேர்ந்தபோது வீட்டில் உப்புமா கிண்டிச் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். மகள் வித்யா சட்டையில் எண்ணெய்க் கறை. மகன் பாலு தூங்கிவிட்டான். என் கணவர் பேப்பரில் வரி விளம்பரம் வரை வந்துவிட்டார். டீச்சர் வீட்டைத் திறந்து பையை எடுத்து, பிள்ளைகளைக் கிளப்பி, வாசல் தாண்டும்போது 12.05. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை எமகண்டம். அதைச் சொன்னேன். மாமனார் கலங்கவே இல்லை.

"பை காலையிலேயே கிளம்பிடுச்சேம்மா. எமகண்டம் இனிமே நம்மள ஒண்ணும் பண்ணாது" என்றார்.

குரோம்பேட்டையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில், ஆளுக்கு இரண்டு ரூபாய். தாம்பரத்தில் பஸ்ஸுக்கு இருபத்தைந்து நிமிடம் வெயிலில் நின்றோம். வண்டலூர் தாண்டி இறங்கியதும் உள் சாலையில் மூன்று கிலோமீட்டர். ஆட்டோக்காரர் இருபத்தைந்து கேட்டுப் பதினெட்டுக்கு ஒப்புக்கொண்டார்.

"இன்னாம்மா இந்நேரத்துக்கு வந்துகினு கீறீங்க? ஜனமெல்லாம் பத்து மணிக்கே உள்ள பூட்சு" என்றார். மாமனார் அவருக்கு நல்ல நேரத்தைப் பற்றி விளக்கிக்கொண்டு வந்தார்.

பிற்பகல் 1.40. கேட். பூட்டு அலமாரி எதுவும் மிச்சமில்லை. எதிர்பார்த்ததுதான். உள்ளே போய்க் குளத்தோரம் ஒரு சிமெண்டு பெஞ்சில் பைகளை வைத்தோம். குளம் பெரியதுதான். ஒரு பக்கம் கரை போல் சரிந்து, மறுபக்கம் ஆழமாக, நீல வண்ணம் பூசியிருந்தது. மாமனார் பொம்மை ரயிலைப் பார்க்கப் போய்விட்டார்.

2.30க்குச் சங்கு ஊதியது. முதலில் நாங்கள் போய் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருகிறோம் என்று என் கணவர் பிள்ளைகளோடு இறங்கினார். நான் பையோடு உட்கார்ந்தேன். அந்தப் பெஞ்சு வரிசையை எட்டிப் பார்த்தேன். குளத்தைச் சுற்றிலும் பெஞ்சுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெண், மடியில் பை, காலடியில் செருப்புக் குவியல். தொண்ணூறு ரூபாய் கொடுத்து உள்ளே வந்து செருப்புக்குக் காவல். யார் போட்ட சட்டம் இது?

3.15க்குள் திரும்பி வந்து பையை வாங்கிக்கொள்வதாக என் கணவர் சத்தியம் செய்துவிட்டு, பிள்ளைகளை ராட்டினத்துக்குக் கூட்டிப்போனார். நான் ஓடிப்போய் நைலான் உடை வாங்கி மாற்றிக்கொண்டு வந்தேன். அந்த ஐந்து நிமிடம் பக்கத்துப் பெஞ்சு அம்மா எங்கள் பைகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். 3.30 சங்கு ஊதியது. என் கணவரைக் காணோம். நீச்சல் உடை போட்டுக்கொண்டு, ஒரு சொட்டு ஈரமில்லாமல், மூன்று பைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அடுத்தவர்கள் அலையில் குதிப்பதை முழுதாகப் பத்து நிமிடம் பார்த்தேன். அழுகை வந்தது. கோபத்தில் வரும் அழுகை. 3.50க்கு வந்து, ராட்டினத்தில் வரிசை அதிகம் என்றார். அதைச் சொல்லிவிட்டு, பாலு பிடிவாதம் பிடிக்கிறான் என்று மறுபடியும் அவனோடும் வித்யாவோடும் குளத்தில் போய் நின்றுகொண்டார். அடுத்த அலைக்கு முன்வரிசை வேண்டுமாம்.

மாலை 4.25. மாமனார் திரும்பினார். பொம்மை ரயிலில் ஆறு முறை சுற்றியிருக்கிறார். அந்தக் கார்டுக்கு விசில் ஊதவே தெரியவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தார். நான் எழுந்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, நாலரை ஆகப்போகுது. ஞாயித்துக்கிழமை ராகு காலம். இப்பப் போய்ப் புதுசா ஒரு காரியம் தொடங்கலாமா? அதுவும் தண்ணியில."

பன்னிரண்டு வருஷத்தில் அவரை எதிர்த்து நான் பேசியதில்லை. அன்றும் எதிர்த்துப் பேசவில்லை. மூன்று பைகளையும் எடுத்து அவர் மடியில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக வைத்தேன். செருப்புகளைக் காலடியில் தள்ளினேன். என் தாலிச் சங்கிலியைத் தவிர மற்ற நகைகளையெல்லாம் கழற்றி அவர் கையில் கொடுத்தேன்.

"தொடங்கக் கூடாது மாமா. நீங்க எதையும் தொடங்காதீங்க, எழுந்திருக்கக்கூட வேணாம். ஆறு மணி வரைக்கும் இங்கேயே உக்காந்து பையைப் பாத்துக்குங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் சங்கு ஊதியது. நான் இறங்கினேன்.

முதல் அலை இடுப்பில் அடித்தது. இரண்டாவது என்னைத் தூக்கிவிட்டது. கால் தரையில் இல்லை. தலைக்கு மேல் தண்ணீர் வந்து போனது, மூக்கில் ஏறியது, கத்தினேன், வாய் நிறையத் தண்ணீர், மறுபடியும் கத்தினேன். சத்தமாகச் சிரித்ததும் நான்தான் என்று பிறகு வித்யா சொன்னாள். பத்து நிமிடம் முடிந்ததும் எல்லோரும் கரையேறினார்கள். நான் ஏறவில்லை. அடுத்த 5.30 அலை வரை ஐம்பது நிமிடம் அந்தத் தண்ணீரிலேயே கழுத்தளவு நின்றுகொண்டிருந்தேன். பெஞ்சில் மாமனார் பைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராகு காலம் முடியும் வரை அவர் அசையவில்லை. கொள்கைக்காரர், அதில் மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன்.

மாலை 6.30. தாம்பரம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஈரத் தலையில் காற்று அடித்தது. என் கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இப்போது சந்தோஷம்தானே என்று கேட்டார். ஏதோ வாங்கிக் கொடுத்தவர் போல் இருந்தது அவர் குரல்.

சந்தோஷம்தான். ஆனால் கோபம் அதைவிட அதிகமாக இருந்தது. காலையில் இருந்த கோபம் இல்லை, வேறு. கோவளத்திலும் மகாபலிபுரத்திலும் அவர் ஒவ்வொரு முறையும் சொட்டச் சொட்டக் கரையேறி வந்து, துண்டுக்குக் கை நீட்டியபடி என்னிடம் ஒன்றையே சொல்லியிருக்கிறார்: "பெருசா ஒண்ணுமில்ல சாந்தி. வெறும் உப்புத் தண்ணி." பன்னிரண்டு வருஷம் அதை நான் நம்பியிருக்கிறேன்.

அவரிடம் திரும்பி, "ஏங்க, இவ்வளவு நல்லா இருக்கும்னு ஏன் நீங்க என்கிட்ட சொல்லவே இல்ல?" என்று கேட்டேன்.