காயீனின் பங்காளிகள்

பிரேசிலின் ரியோ கிளாரோ ரயில் பட்டறையில் சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. ஓடிலோன் விலேலா சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்தபோது, அவன் மனைவி எல்சா அடுப்படிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். மேஜையருகே, மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தவள் அவன் அக்கா ஜூரேமா. கல்யாணத்துக்குப் பிறகு அவன் போய்ப் பார்க்காத அக்கா.

"வாடா," என்றாள் ஜூரேமா. "உன் பொண்டாட்டி என்னப் பாத்ததும் 'வேலைக்கு ஆள் வேணாம்மா'ன்னு கதவச் சாத்தப் பாத்தா. அவ மேல தப்பில்ல. நீ சொல்லியிருந்தாத்தானே அவளுக்குத் தெரியும்."

 கணவனுக்கு, காபி விளையும் மினாஸ் பக்கம் ஒரு அக்கா உண்டென்று எல்சாவுக்குத் தெரியும். அந்த அக்கா கருப்பு என்பதுதான் தெரியாது.

ஒரே தாய், ஒரே தகப்பன். தகப்பனைப் பெற்றவள் அடிமையாகப் பிறந்தவள். அவள் சாயல் முழுவதும் ஜூரேமாவின் முகத்தில் வந்து இறங்கியிருந்தது. பின்னால் பிறந்த தம்பிக்கோ தாய்வழித் தாத்தாவின் சாம்பல் கண்ணும் வெளுத்த தோலும். பிரேசிலில் இது அதிசயமில்லை. ஒரே வீட்டுப் பிள்ளைகள் காபியும் பாலுமாக நிற்பார்கள்.

ஓடிலோன் சேர்ந்திருந்த, அமெரிக்காவில் தோன்றிய மார்மன் கிறிஸ்தவச் சபையில்தான் அது வாழ்வா சாவா என்ற விஷயம். அங்கே ஆண்களுக்கு ஆசாரியத்துவம் என்று ஒன்று உண்டு. அது இருப்பவன்தான் திருவிருந்து ரொட்டியை ஆசீர்வதிக்கலாம், தன் பிள்ளைக்குத் தானே ஞானஸ்நானம் கொடுக்கலாம், சபையை நடத்தலாம். ஆப்பிரிக்க ரத்தம் ஒரு சொட்டு கலந்திருந்தாலும் கிடையாது. அது, பைபிளில் கூடப்பிறந்த தம்பியைக் கொன்ற காயீன் வாங்கிய சாபம் என்றார்கள். பிறப்பதற்கு முன் வானுலகில் நடந்த போரில் அரைமனதாய் நின்ற ஆத்மாக்களே கருப்பாய்ப் பிறக்கின்றன என்றும் சொன்னார்கள். யார் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க, ஊழியத்துக்கு வந்த அமெரிக்கப் பையன்கள் வீட்டுக்கு வீடு குடும்பப் படங்களைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள்.

ஓடிலோன் சேர்ந்தபோது எல்சா தன் இத்தாலியச் சொந்தங்களின் படங்களை மேஜை நிறையப் பரப்பினாள். பையன்களுக்குத் திருப்தி. "உங்க பக்கம்?" என்று ஒருவன் கேட்டான். "அப்பா சின்ன வயசுலயே போயிட்டார், படம் எதுவும் இல்ல," என்றான் ஓடிலோன். பொய்யில்லை. யாரும் மேலே கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. இப்போது, 1974இல், ஊர்ச் சபைக்கு அவன்தான் தலைவன். மகள் மர்லேனிக்கு எட்டு வயது நிறைந்துவிட்டது. வருகிற சனிக்கிழமை அவன் கையால் ஞானஸ்நானம்.

"காபி போடும்மா, தொண்டை காயுது," என்றாள் ஜூரேமா.

"எங்க வீட்டுல காபி குடிக்கிறதில்லைங்க. சபையில கூடாது," என்று எல்சா வறுத்த பார்லித் தண்ணீரை ஊற்றி வைத்தாள்.

ஜூரேமா ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை உற்றுப் பார்த்தாள். "மினாஸ்காரன் வீட்டுல காபி இல்லையா! டேய், உன்ன மதம் மாத்துனாங்களா, இல்ல ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்களா?"

ஜூரேமா சமையல் வேலை பார்த்துவந்த குடும்பம் சாவோ பாவ்லோவுக்குக் குடிபெயர்கிறது. அவளும் அவர்களோடு போகிறாள். போகிற வழியில் தம்பியைப் பார்க்க இறங்கினாள். அவ்வளவுதான். மர்லேனி அதற்குள் அவள் மடியில் ஏறி உட்கார்ந்து பையைக் குடைந்துகொண்டிருந்தாள். "அத்தை, நீங்க எனக்கு நிஜமாவே சொந்த அத்தையா?"

"சந்தேகமா இருந்தா உங்கப்பன் காதப் பாரு, என் காதப் பாரு. ரெண்டும் ஒரே கடையில வாங்கினது."

எல்சா கணவனைப் பின்கட்டுக்கு இழுத்தாள். 

"கல்யாணமாகிப் பன்னெண்டு வருஷம். எங்கம்மா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? சபையில?"

"நானா மறைச்சேன்? யாரும் கேக்கல."

"நான் கேட்டேங்க. 'உங்க அக்கா எப்படி இருப்பாங்க'ன்னு கேட்டேன். 'என்ன மாதிரிதான்'னு சொன்னீங்க." எல்சா குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்கு அவங்க கோயிலுக்கு வரவேணாம். தலைவலின்னு படுத்துக்கட்டும். அடுத்த சனிக்கிழமை முடியற வரைக்காவது. உங்க கையால குழந்தைக்கு நடக்கட்டும். அப்புறம் எதுன்னாலும் பாத்துக்கலாம்."

 ஓடிலோனும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தான். திரும்பியபோது ஜூரேமா கதவருகே நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"தலைவலி எனக்கு வராது. நானும் வரேன், புள்ள கூப்பிடுது. புதுசா வந்த சமையக்காரின்னு சொல்லிக்கோ. எனக்கொண்ணும் குறைஞ்சு போயிடாது. அது என் தொழில்தானே," என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் ஓடிலோன் தாங்கியிருப்பான். அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள், உப்பு தீர்ந்துவிட்டது என்பது போல.

மறுநாள் காலை நால்வரும் சபைக்கு நடந்தே போனார்கள். வாசலில் நாற்காலிகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தான் பெலார்மினோ. சுவர் பூச்சு வேலை செய்கிறவன், கருப்பன். ஆறு வருஷத்துக்கு முன் அவனுக்கு 'அந்தப் பாடம்' எடுக்க, அமெரிக்கப் பையன்களுக்குத் துணையாகப் போனது ஓடிலோன்தான். பையன்கள் குடும்பப் படம் கேட்டார்கள். "படம் எதுக்குங்க? என்னையே பாருங்க," என்று பெலார்மினோ சிரித்தான். காயீனையும் சாபத்தையும் சொல்ல அந்தப் பையன்களுக்கு நாக்கு எழவில்லை. ஓடிலோன் சொன்னான். "அப்ப அங்க மேலுலகத்துல நான் என்ன தப்பு பண்ணேங்க பிரதர்?" என்று கேட்டான் பெலார்மினோ. "போர்ல முழு மனசா நிக்கல," என்றான் ஓடிலோன். தட்டுத் தடுமாறாமல் சொன்னான். அப்படியும் பெலார்மினோ சபையில் சேர்ந்தான். அன்றிலிருந்து நாற்காலி போடுவது அவன் வேலை.

"வாங்க சிஸ்டர்," என்று அவன் ஜூரேமாவுக்குக் கை கொடுத்தான். "யாரோட வந்திருக்கீங்க?"

ஜூரேமா தம்பியைப் பார்த்தாள். ஓடிலோன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "இவங்க வீட்டோட..." என்று அவள் இழுத்து நிறுத்தினாள். மர்லேனி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எல்சா அவள் தோளை அழுத்தி உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். பெலார்மினோ இரண்டு முகத்தையும் ஒருமுறை மாறி மாறிப் பார்த்தான்.  அவன் பார்வை ஓடிலோனின் காதில் ஒரு கணம் நின்றது போலிருந்தது.

ஓடிலோன் மேடையேறினான். துவக்கப் பாட்டு, ஜெபம், அறிவிப்புகள். "வருகிற சனிக்கிழமை சகோதரி மர்லேனிக்கு ஞானஸ்நானம்," என்று வாசித்தான். அடுத்தது புதிதாக வந்தவர்களை அறிமுகம் செய்வது. வழக்கமாக அவனே பெயர் சொல்லி எழுந்து நிற்கச் சொல்வான். சபை திரும்பிப் பார்த்துக் காத்திருந்தது. கடைசி வரிசையில் ஜூரேமா பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் எல்சா கண்ணை மூடியிருந்தாள்.

'சமையக்காரி' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் முடிந்தது. ஆனால் குழந்தையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கேட்டு, நாளைக்கு அவளும் அப்படியே சொல்லப் பழகுவாள்.

"எங்க அக்கா ஜூரேமா வந்திருக்காங்க," என்றான். குரல் யாருடையதோ போலிருந்தது. "கூடப்பொறந்தவங்க. ஒரே அம்மா, ஒரே அப்பா."

யாரோ இருமினார்கள். அப்புறம் இருமலும் நின்றது. ரொட்டி மேஜைக்குப் பின்னால் இருந்த இளைஞர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓடிலோன் துணைத்தலைவன் வால்டேமாரிடம், "நீங்க நடத்துங்க," என்று சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கினான். அந்த ஹாலின் நடுவழி அவ்வளவு நீளம் என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உன்ன யாருடா கேட்டா?" என்று பல்லைக் கடித்தபடி கிசுகிசுத்தாள் ஜூரேமா. ஆனால் அவன் முழங்கையைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் வால்டேமார் அவனை மூலைக்கு அழைத்துக்கொண்டு போனான். "பிரதர், இங்க இருக்கறவங்க யாரும் வெளிய சொல்லமாட்டாங்க. நான் பேசிக்கறேன். சனிக்கிழமை நீங்களே கொடுங்க."

"பெலார்மினோவுக்கும் இப்படி ஒரு வழி பண்ணிக் கொடுத்தமா?" என்றான் ஓடிலோன். 

செவ்வாய்க்கிழமை பட்டறையில் லீவு சொல்லிவிட்டு, பகுதிக்குப் பொறுப்பான அமெரிக்கரைப் பார்க்கப் போனான். அவர் நல்ல மனிதர். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டு, கண் கலங்கி, "இனி ஆசாரியத்துவத்தைப் பயன்படுத்த வேண்டாம்," என்றார். தலைமையும் போனது. கை கொடுத்து வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

சனிக்கிழமை மர்லேனியைத் தண்ணீரில் இறக்கியது வால்டேமார். ஓடிலோன் துவாலையோடு கரையில் நின்றான். "அப்பா ஏன் வரல?" என்று குழந்தை எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டது. எல்சா அழுதாள். அவள் அம்மா வரவில்லை. ஜூரேமா புதன்கிழமையே சாவோ பாவ்லோ பஸ் ஏறிவிட்டாள். "உன்னக் கெடுக்க வந்த மாதிரி ஆயிடுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஈரத் துவாலையோடு வெளியே வந்தவனைப் பெலார்மினோ எதிர்கொண்டான். இனி இருவரும் ஒரே படகு, ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வான் என்று ஓடிலோன் எதிர்பார்த்தான்.

"உங்களுக்கு ஒரு வாரமா வலிக்குது," என்றான் பெலார்மினோ. "எனக்கு ஆறு வருஷமா. ஆனா ஒரு வித்தியாசம் பிரதர். உங்களுக்கு யாரும் வீட்டுல வந்து உக்காந்து காரணம் சொல்லல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓடிலோன் அவனோடு சேர்ந்து நாற்காலி போட்டான். பெலார்மினோ தடுக்கவில்லை. எல்சா பல மாதம் தனியாகவே வந்து தனியாகவே போனாள். வீட்டில் தட்டு வைக்கிற சத்தம்தான் பேச்சு. ஒருநாள் அவள் அம்மா, "அந்த ரத்தத்துல பொறந்த பேத்தி" என்று எதையோ ஆரம்பிக்க, எல்சா எழுந்து, "அம்மா, அது என் ரத்தமும்தான். வீட்டுக்குக் கிளம்பு," என்றாள். அன்றிரவு கணவனின் தட்டில் அவளே பீன்ஸைப் போட்டாள்.

1978 ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை வால்டேமார் பட்டறை வாசலுக்கே ஓடிவந்தான். "தடை போயிடுச்சு! எல்லாருக்கும்! அமெரிக்காவுல நம்ம தீர்க்கதரிசிக்குக் கடவுளோட வெளிப்படுத்தல் வந்திருக்காம். ரேடியோவில கூடச் சொல்லிட்டாங்க!"

 ஓடிலோனுக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது; அதன் பெயர் அவனுக்குத் தெரியவில்லை. "அப்ப அந்தப் போர்? அரைமனசா நின்னது? அது என்ன ஆச்சு?"

"அதெல்லாம் இப்ப எதுக்குக் கேக்கறீங்க? சந்தோஷப்படுங்க பிரதர்!"

அந்த ஞாயிறு பெலார்மினோவின் நரைத்த தலையில் கை வைத்து அவனுக்கு ஆசாரியத்துவம் கொடுத்தார்கள். ஓடிலோனுக்குப் போனது திரும்பி வந்தது. காரணங்களை மட்டும் யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அவை புத்தகங்களிலும் வகுப்புகளிலும் இருந்த இடத்திலேயே இருந்தன.

அந்த வாரமே ஓடிலோன் பெலார்மினோ வீட்டுக்குப் போனான். "நான் அன்னிக்கு உங்ககிட்ட சொன்னது பொய். எனக்கு அது பொய்யின்னு தெரிஞ்சிருக்கணும். எங்க அக்காவ எனக்குத் தெரியும். அவ எதுலயும் அரைமனசா நின்னதே இல்ல."

பெலார்மினோ அவனுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். "எனக்குச் சொல்லிட்டீங்க. அன்னிக்கு என் பொண்ணு டால்வா கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டுக்கிட்டிருந்தா. சின்னப் பொண்ணு. அதுக்கப்புறம் கோயில் பக்கமே வரல. முடிஞ்சா அவகிட்ட சொல்லுங்க."

டால்வா பக்கத்து ஊரான பிராசிகாபாவில் நர்ஸ். தேடிப் போன ஓடிலோன் சொன்னதையெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வெளியே மரத்தடியில் வெள்ளைச் சீருடையோடு நின்று கேட்டாள்.

"அத நீங்க நம்பினீங்களா?"

"நம்பினேன்மா."

"சொந்த அக்காவ வச்சுக்கிட்டே?"

"ஆமா."

"எங்கப்பா பெரிய மனசுக்காரர். உங்கள மன்னிச்சிருப்பார்," என்றாள் டால்வா. "எனக்கு இன்னும் நேரம் வேணும்." உள்ளே போய்விட்டாள். அவள் சபைக்கு வரவே இல்லை. ஜூரேமாவும் சேரவில்லை, "காபிய விட்டுட்டு எனக்கு மோட்சம் வேணாம்," என்று சாகும்வரை சொன்னாள். ஆனால் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு வந்தாள். எல்சா அவளுக்கென்று ஒரு பொட்டலம் காபித்தூள் வாங்கி வைத்திருப்பாள்.

ஓடிலோன் எண்பதைத் தாண்டிய பிறகு, சபை ஒரு விளக்கம் வெளியிட்டது. கருப்புத் தோல் சாபம் என்பதையும், பிறப்புக்கு முந்திய குற்றம் என்பதையும் இன்று சபை ஏற்பதில்லை என்று அதில் இருந்தது. பெலார்மினோ இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. எல்லாருக்கும் செய்தி போய்ச் சேரவுமில்லை. ஒரு ஞாயிறு வகுப்பில், புதிதாகப் பாடம் எடுக்க வந்த ஓர் இளைஞன் அதே காயீன் கதையை ஆரம்பித்தான்.

ஓடிலோன் முன் நாற்காலியைப் பிடித்து எழுந்தார். "தம்பி, நிறுத்துங்க. அது தப்பு. தப்புன்னு சபையே சொல்லிடுச்சு."

இளைஞனின் முகம் சிவந்தது. "எனக்கு யாரும் சொல்லலைங்க ஐயா. எங்க தாத்தாதான் எனக்கு இதச் சொல்லிக்கொடுத்தார். அவர் இந்த ஊர்லதான் சபையில சேர்ந்தார்."

"எந்த வருஷம்?"

"அறுபத்தொம்பதுன்னு நினைக்கிறேன்."

 பக்கத்திலிருந்த எல்சா ஓடிலோனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப உங்க தாத்தாவுக்குச் சொல்லிக்கொடுத்தது நானாத்தான் இருக்கும்," என்றார் ஓடிலோன். "உக்காருங்க தம்பி. எப்படிச் சொன்னேன், ஏன் சொன்னேன்னு இன்னிக்கு நான் சொல்றேன்."