ஓடாமல் படுத்துப் புரண்டவன்

அடுப்பில் காய்ந்த பருத்திமார்க் குச்சிகள் எரிந்துகொண்டிருந்தன. பரணில் இருந்த புளிப்பானையை எடுக்க எம்பினேன். முந்தானை அடுப்பில் சரிந்ததை நான் பார்க்கவில்லை. இடுப்பில் சுரீரென்றது, குனிந்தால் நெருப்பு. அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். ஆடிக் காற்று. ஓட ஓடத் தீ தோள்வரை ஏறியது. களத்திலிருந்து ஓடிவந்த என் வீட்டுக்காரர் என்னைக் கீழே தள்ளி ஈரச் சாக்கால் மூடினார். எட்டு வயது மகள் லூர்துவும் அவள் தம்பி சவரியும் கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தார்கள்.

இரண்டாம் உலக யுத்த காலம் அது. விக்கிரமங்கலத்திலிருந்து அரியலூர் ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் வாழையிலை விரித்துக் கொண்டுபோனார்கள். இடது விலாவும் அக்குளும் வெந்திருந்தன. வாசலின் களிம்பு தடவிய துணியைத் தினமும் மாற்றுவார்கள். அந்த நேரம் நெருங்கும்போதே உடம்பு நடுங்கும். தீப்புண் பட்டு உங்களுக்கும் அப்படி நடுங்கினால் வெட்கப்படாதீர்கள்.

புண் ஆறியது. ஆனால் கை விலாவை விட்டு எழவில்லை. தோல் இழுப்பு (ஆறும் தோல் சுருங்கி மூட்டை மடக்கிவிடுவது) என்றார் டாக்டர்.

"தினம் கையைத் தூக்கணும்மா. வலிக்கத்தான் செய்யும். வுட்டா இப்படியே நின்னுடும்." பிறகு சொன்னார்: "ஓடாம கீழ படுத்துப் பொரண்டிருந்தா இவ்வளவு வெந்திருக்காது."

"அதை எனக்கு யாருங்க சொன்னாங்க?" என்றேன்.

வீட்டுக்கு வந்தேன். விளக்கேற்றினாலே சவரி மூலையில் போய் ஒண்டிக்கொண்டான். கையைத் தூக்க முயல்வேன், வலியில் விட்டுவிடுவேன். ஒருநாள் லூர்து கேட்டாள்:

"நெருப்புப் புடிச்சா நாங்களும் ஓடணுமாம்மா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஓடவே கூடாதுடி. வா, காட்டுறேன்."

வாசலில் வைக்கோலைப் பரப்பினோம். நான் "தீ!" என்று கத்தினால் இருவரும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு படுத்துப் புரள வேண்டும். பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டுதான் அடுப்பண்டை போக வேண்டும் என்றும் பழக்கினேன்.

"நீயும் பொரளும்மா," என்றான் சவரி.

புரண்டேன். அக்குள் கிழிந்ததுபோல் வலித்தது. மறுநாளும் பிள்ளைகள் விடாமல் என்னைப் புரள இழுத்தார்கள். வீட்டுக்காரர் தயங்கினார்.

"ஊரே பாத்துச் சிரிக்குது."

"சிரிக்கட்டும்ங்க."

சிரிப்பும் அழுகையுமாகப் புரண்டதில், தனியாகத் தூக்கும்போது எழாத கை கொஞ்சம் கொஞ்சமாக மேலேறியது. ஒரு சாயங்காலம் லூர்து கூவினாள்: "அம்மா, கை காதைத் தொட்டுருச்சு!"

தை மாதக் காலையில் மாட்டுக்கொட்டகையில் இருந்தேன். உள்ளேயிருந்து லூர்துவின் குரல்: "சவரி, படுடா!"

ஓடிப்போய்ப் பார்த்தபோது சவரி தரையில் புரண்டுகொண்டிருந்தான். அவள் அடுப்பண்டை நனைத்து வைத்திருந்த சாக்கை அவன்மேல் போட்டு அமுக்கினாள். குளிருக்கு அடுப்பண்டை உட்கார்ந்தவனின் சட்டையில் தீப்பிடித்திருக்கிறது. சட்டையில் பெரிய ஓட்டை. வயிற்றில் லேசான சிவப்பு, அவ்வளவுதான்.

"அம்மா, நான் ஓடலம்மா!" என்று எழுந்து நின்றான்.

இரண்டு கைகளாலும் அவனைத் தலைக்குமேல் தூக்கினேன். பிறகு லூர்துவையும் தூக்கினேன்.

பனிக்காலத்தில் அந்தத் தோல் இன்னும் இழுக்கிறது. இழுக்க இழுக்க நானும் கையை நீட்டிவிடுகிறேன். வெகுநாள்வரை எல்லாவற்றையும் தீப்பிடிப்பதற்கு முன், பின் என்றே கணக்கு வைத்திருந்தேன். இப்போது சவரி எழுந்து நின்ற அந்தக் காலையிலிருந்துதான் எனக்கு நாள் தொடங்குகிறது.