தண்ணி கேட்டவர்

எல்லைக்கு அந்தப்பக்கம், தமிழ்நாட்டில், மதுவிலக்கு அமலில் இருந்த வருடங்கள் அவை. நாகப்பட்டினத்திலிருந்து வரும் பஸ்ஸில் இறங்குகிறவர்களில் பலர் காரைக்காலுக்கு என்ன வேலையாக வந்திருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. வரும்போது நிமிர்ந்து வருவார்கள். திரும்பும்போது சிலர் பஸ் வரைக்கும் போய்ச் சேராமல் சுவரோரமாகவே படுத்துவிடுவார்கள். மழைக்காலத்தில் தெருவில் தேங்கிய தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போவதுபோல் நாங்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு நடக்கப் பழகியிருந்தோம். 'அந்தப்பக்கத்து ஆள்' என்று அவர்களுக்கு ஒரு பெயரும் வைத்திருந்தோம். அந்தப் பெயரைச் சொல்லியாகிவிட்டால் அதற்குமேல் நமக்கு ஒரு வேலையும் கிடையாது.

என் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். 'இது நம் விஷயமில்லை' என்பதற்குப் பிரெஞ்சில் ஒரு வழக்கு உண்டு. வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் 'அது என்னைப் பார்க்கவில்லை' என்று வரும். அப்பா அதை அப்படியே தமிழாக்கி வீட்டில் புழங்கவிட்டிருந்தார். எதிர்வீட்டுச் சண்டையா, "அது நம்மளப் பாக்கல." சர்ச் கமிட்டியில் தகராறா, "அது நம்மளப் பாக்கல." இது எங்கள் வீட்டில் மட்டும் செல்லுபடியாகும் தமிழ் என்பதே எனக்குப் பத்து வயதில்தான் தெரியும். தெரிந்த பிறகும் விட மனமில்லை. அவ்வளவு சௌகரியமான வாக்கியம் அது.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. புதுச்சேரியில் ஆசிரியர் பயிற்சி முடித்து, கன்னியர் நடத்திய பள்ளியில் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். பயிற்சியில் உளவியல் ஒரு பாடம். அதில் நல்ல மார்க் வாங்கியதால் ஊரில் யார் மனசையும் திறந்து பார்க்கிற சாவி என் கையில் இருப்பதாக நினைப்பு. அம்மா சாம்பாரில் உப்பை மறந்தால்கூட அதற்கு ஆழ்மனக் காரணம் சொல்வேன். சனிக்கிழமை மத்தியானங்களில் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பதும் என் பொறுப்பு. ஆக, மனசுக்கும் ஆத்துமாவுக்கும் நானே அத்தாரிட்டி.

அது சித்திரை மாதத்துச் சனிக்கிழமை. அன்றைய பாடம், கள்ளர் கையில் அடிபட்டு வழியில் கிடந்தவனைக் கோயில் குருவும் கண்டும் காணாமல் போக, யாரும் மதிக்காத வேற்றினத்தான் ஒருவன் தன் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு போய்க் காப்பாற்றிய கதை. அதற்காக ஒரு வாரம் உட்கார்ந்து படம் வரைந்திருந்தேன். கழுதை மட்டும் நாய் மாதிரி வந்திருந்தது. அதைச் சரிசெய்யப் போய் நேரமாகிவிட, படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

பஸ் நிறுத்தத்தைத் தாண்டிச் சாராயக்கடைச் சுவரோரம் ஒருவர் கிடந்தார். ஐம்பது வயதிருக்கும். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. பஸ்ஸுக்கு நின்ற ஏழெட்டுப் பேர் அவருக்கு மரியாதையான தூரம் விட்டு நின்றார்கள். நான் சுற்றிக்கொண்டு போகும்போது அவர் கையைத் தூக்கினார். நாக்குக் குழறியது.

"தண்ணி... தண்ணி..."

நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். "ஊத்துனது பத்தலயாம் பாருங்க. இன்னும் தண்ணி கேக்குறாரு" என்றார் ஒருவர். எனக்கும் சிரிப்பு வந்தது. தாகத்துக்குக் குடிப்பதற்கும் போதைக்குக் குடிப்பதற்கும் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டிருக்கிற ஊரில், சாராயக்கடை வாசலில் கிடந்து தண்ணி கேட்டால் யார்தான் சொம்பைக் கொண்டுவருவார்கள்?

ஆனால் அவர் சிரித்தவர்களைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். நான் ஒரு நிமிஷம் நின்றேன். பொம்பளைப் பிள்ளை, நடுத்தெரு, குடிகாரர், இத்தனை ஆம்பிளைகள் நிற்கிறார்கள், நேரமாகிவிட்டது. ஒன்றுக்கு ஐந்து காரணங்கள், எல்லாம் நல்ல காரணங்கள். நடையை எட்டிப் போட்டேன்.

வகுப்பு பிரமாதமாக நடந்தது. குரு ஏன் நிற்காமல் போனார் என்று கேட்டேன். "அவருக்கு இரக்கமே இல்ல டீச்சர்" என்று பிள்ளைகள் கத்தினார்கள். "ரொம்பச் சரி" என்றேன்.

திரும்பும்போது சுவரோரம் காலியாக இருந்தது. வெற்றிலைபாக்குக் கடை அம்மா என்னை நிறுத்திச் சொன்னார். "அந்த ஆளு குடிக்கவே இல்லயாம்மா. சக்கர வியாதியாம். ரத்தம் பாக்கணும்னு வெறும் வயித்தோட ஆஸ்பத்திரிக்கு வந்திருக்காரு. ஊசியப் போட்டுக்கிட்டு, சாப்பிடாம வெயில்ல நடந்திருக்காரு."

"யார் கண்டுபிடிச்சா?"

"சாராயக்கடை உள்ளேருந்து ஒருத்தன் தள்ளாடிக்கிட்டு வந்தான். அவனும் அந்தப்பக்கந்தான். குனிஞ்சு இவரு வாய மோந்து பாத்தான். 'யோவ், இவரு குடிக்கலய்யா, எனக்குத் தெரியாதா'ன்னு ஒரே சத்தம். தண்ணி கெடைக்கல, சாராயத்துக்குக் கலந்துக்க வச்சிருந்த கலர் சோடா பாட்டில அவரு வாயில ஊத்துனான். அப்புறந்தான் அவரு கண்ணுல உசிரு வந்திச்சு. ரிக்ஷாவுல தூக்கிப் போட்டு மடியில சாச்சுக்கிட்டுப் போனான். வழியெல்லாம் பாட்டு வேற."

இனிப்பு உள்ளே போனதால்தான் பிழைத்தார், இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கதை முடிந்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். எனக்கு வெட்கமாக இருந்தது. கக்கத்திலிருந்த படத்தை இன்னும் இறுக்கிச் சுருட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து வழக்கம்போல் எல்லாரையும் ஆராய்ந்தேன். பலர் நிற்கிற இடத்தில் ஒவ்வொருவரும் அடுத்தவர் செய்வார் என்று விட்டுவிடுவார்கள். ஒருவருக்குக் குடிகாரர் என்று பெயர் ஒட்டிவிட்டால் அப்புறம் கண் அந்தப் பெயரைத்தான் பார்க்கும், ஆளைப் பார்க்காது. அவசரத்தில் போகிறவருக்கு இரக்கத்துக்கு நேரம் இருக்காது. மூன்றும் எனக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தின. இவ்வளவு துல்லியமாகப் புரிந்துகொண்டதில் ஒரு ஆறுதல்கூட வந்துவிட்டது. அப்பாவிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளை இறக்காமலே, "அது நம்மளப் பாக்கல" என்றார். "என்னையத்தான்ப்பா பாத்தாரு" என்றேன். அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

மறுவாரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். செய்த பாவத்துக்கு மட்டுமல்ல, செய்யாமல் விட்டதற்கும் சேர்த்து ஞாயிறுதோறும் பூசையில் மார்பில் தட்டிக்கொள்கிறவர்கள் நாங்கள். தட்டுகிற பழக்கத்தில் எதற்குத் தட்டுகிறோம் என்பது மறந்துபோயிருந்தது. சாமியார் பொறுமையாகக் கேட்டு, மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். மூன்றுதானா என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். உளவியல் காரணம் கொடுத்துவிட்டது, கோயில் மன்னிப்புக் கொடுத்துவிட்டது. கடவுள் புண்ணியத்தில் விவகாரம் இவ்வளவு சுருக்கமாக முடிந்ததே என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்து வெளியே வந்தால், வேப்பமர நிழலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். வெளுத்த வேட்டி, நெற்றியில் திருநீறு, கையில் மஞ்சள் பை. முகம் தெளிந்திருந்ததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. அந்தக் கண்களைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

அவர் கும்பிட்டார். "டீச்சரம்மா, வெத்தலக்கடையிலதான் ஒங்களப் பத்திக் கேட்டு வந்தேன். என்னையத் தெரியுதுங்களா?"

தலையாட்டினேன்.

"ரிக்ஷாவுல கூட்டிட்டுப் போன புண்ணியவான் யாருன்னு தெரியல. ஆஸ்பத்திரியில விட்டுட்டுப் போயிட்டாரு. ஒங்களையாச்சும் பாத்துடணும்னு வந்தேன்." பையை நீட்டினார். உள்ளே வெள்ளரிப்பிஞ்சு, ஒன்றின்மேல் ஒன்றாக ஒழுங்காய் அடுக்கியிருந்தது. "நம்ம கொல்லையில காய்ச்சதுங்க."

"எனக்கு எதுக்குங்க இதெல்லாம்?"

"அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க ஒருத்தங்கதான் நின்னீங்க. என்னையப் பாத்துட்டு வெரசா போனீங்கல்ல, ஆளக் கூட்டியாரத்தான் ஓடுறீங்கன்னு புரிஞ்சிச்சு. கண்ண இருட்டிக்கிட்டு வந்திச்சு. அந்தப் பொண்ணு ஆளோட வருது, அதுவரைக்கும் கண்ண மூடிடக் கூடாதுன்னு கெடந்தேன். நெனச்ச மாதிரியே அவரு வந்துட்டாரு." பையை இன்னும் கிட்டே நீட்டினார். "நீங்க அனுப்புன ஆளுதானுங்களே?"

பையை வாங்கக் கை நீட்டினேன்.

"ஆமாங்க" என்றேன்.