இரண்டாவது கேட்

எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளுக்குப் பூங்காவில் வரவேண்டிய சறுக்கியை வராமல் செய்தவர் வேறு யாருமில்லை, என் அம்மாதான். இதை நான் புறம் சொல்லவில்லை. சின்ன வயதில் அவர் முகத்துக்கு நேரேயே பல தடவை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவர், "ஓம், நான்தான். இப்ப என்ன?" என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் எங்கள் வீடு. ஒழுங்கையின் நடுவில் ஒரு வெறுங்காணி கிடந்தது. அகலம் குறைவு, நீளம் அதிகம். மூன்று பக்கமும் மதில். முன்பக்கத்தில் ஒரு மாரா மரம். அதன் கீழே சுருட்டுப் புகைக்கும் கிழவர்கள் சிலர் காலையிலிருந்து மாலைவரை அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். அந்தக் காணியை மாநகரசபை சிறுவர் பூங்காவாக்கி, விளையாட்டுச் சாமான்கள் போடப்போகிறது என்ற செய்தி வந்தபோது எனக்கு ஒன்பது வயது.

செய்தியைக் கொண்டுவந்தவர் லொக்கு சேர். அவர் ஓய்வுபெற்ற சிங்களத் தலைமையாசிரியர், எங்கள் ஒழுங்கைச் சங்கத்தின் தலைவர். ‘பெரிய சேர்’ என்று பள்ளிக்கூடத்தில் சிங்களத்தில் அழைத்த பெயரே ஒழுங்கையிலும் நிலைத்துவிட்டது. அவருடைய பேத்தி நிலந்தி என் உயிர்த்தோழி. அவளுக்குப் பாதித் தமிழ், எனக்குப் பாதிச் சிங்களம். சண்டை பிடிக்க அது தாராளமாகக் காணும்.

என்ன சாமான் வேண்டுமென்று பிள்ளைகளையே கேட்போம் என்றார் லொக்கு சேர். இது எங்களுக்குப் பெரிய அதிர்ச்சி. அதுவரை பெரியவர்கள் எங்களிடம் கேட்டதெல்லாம் சாப்பிட்டாயா, படித்தாயா என்ற இரண்டு கேள்விகள்தான். அவர் வீட்டு விறாந்தையில் எங்களை வரிசையாக இருத்தி, ஆளுக்கொரு கடதாசி தந்து, விருப்பமானதைக் கீறச் சொன்னார். சந்திக் கடை முஸ்லிம் நானாவின் மகன் ஐஸ்கிறீம் வண்டியைக் கீறினான். அண்ணா கிரிக்கெட் மட்டையைக் கீறினான். நான் சறுக்கியைக் கீறினேன்.

சறுக்கி என்றால் எனக்கு உயிர். ஆனால் ஒருநாளும் சறுக்கியதில்லை. கறுவாத்தோட்டப் பக்கத்துப் பூங்கா ஒன்றுக்கு அப்பா எங்களை ஒருதரம் கூட்டிப்போனார். வெகுநேரம் வரிசையில் நின்று, ஏணியில் ஏறி, உச்சிக்குப் போக இன்னும் இரண்டு படிதான் இருந்தது. அப்பா கீழே நின்று, "பஸ் வருது, இறங்கு!" என்று சத்தம் போட்டார். பின்னால் நின்ற பிள்ளைகளை இடித்துக்கொண்டு ஏணியாலேயே இறங்கி வந்தேன். அந்த வயிற்றெரிச்சல் முழுவதையும் லொக்கு சேர் தந்த கடதாசியில் கொட்டித் தீர்த்தேன்.

நம்பினால் நம்புங்கள், என் படம் எடுபட்டது! மாநகரசபை ஓவசியர் வந்து காணியை அளந்தார். இடப்பக்க மதிலோடு ஊஞ்சலும் சீசோவும், பின்மதிலோரம் சறுக்கி என்று முடிவாயிற்று. எது எங்கே வருமென்று நிலத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டிவிட்டுப் போனார். அன்று பின்னேரமே நாங்கள் அந்தக் கோட்டுக்குள் இறங்கி, இல்லாத ஏணியில் ஏறி, இல்லாத சறுக்கியில் புழுதி கிளம்பச் சறுக்கத் தொடங்கினோம். கீறியவள் நான் என்பதால் முதல் சறுக்கு எனக்கு என்பது யாரும் மறுக்காத சட்டம். இரண்டாவது யார் என்று தீர்மானிக்கும் அதிகாரமும் என் கையில் இருந்தது. என்னை ஏறெடுத்தும் பார்க்காத பெரிய பெடியன்கள்கூட எனக்குத் தோடம்பழ இனிப்பு வாங்கித் தந்தார்கள். என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு அப்படியொரு செல்வாக்கு எனக்கு வாய்க்கவில்லை.

வேலை தொடங்க முன்பு கடைசிக் கூட்டம் அந்தக் காணியிலேயே நடந்தது. வீடுகளிலிருந்து கதிரைகள் கொண்டுவந்து போட்டார்கள். ஆண்கள் இருந்தார்கள், பெண்கள் பின்னால் நின்றார்கள். அம்மா அப்போது ஒரு வயதுத் தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு, மாரா மரத்தடியில் ஒதுங்கி நின்றார். வீட்டில் அம்மாவின் குரல் நாலு வீட்டுக்குக் கேட்கும். வெளியில் வந்தாலோ வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல நிற்பார்.

ஓவசியர் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, ஏதும் கேட்க இருக்கிறதா என்றார். ஆட்கள் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பத் தொடங்கிவிட்டார்கள். அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், நல்ல தெளிவான சிங்களத்தில், பின்பக்க மதிலில் கேட் வைக்கவில்லையா என்று கேட்டது.

யாரடா இது என்று திரும்பிப் பார்த்தேன். என் அம்மா! மீன்காரனிடம் ‘கீயத’ என்று விலை கேட்பதைத் தவிர வேறு சிங்களம் அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. எங்கே பழகினார், எப்போது பழகினார்?

ஓவசியர் சிரித்தார். "கேட் தெகக் மொக்கடத, நோனா?" என்றார். இந்தத் துண்டுக் காணிக்கு இரண்டு கேட் எதற்கு, முன்னால்தான் ஒன்று வருகிறதே என்று மேலும் ஏதோ பகிடியாகச் சொன்னார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இஞ்சேரும், சும்மா இரும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"நீங்கள் இருங்கோ" என்றார் அம்மா. சபையில், அத்தனை பேர் முன்னால், அப்பாவிடம்! பிறகு ஓவசியரை விட்டுவிட்டு லொக்கு சேரைப் பார்த்தார். இந்தமுறை தமிழில் கேட்டார். "சேர், முன்கேட்டை ஆரும் மறிச்சுக்கொண்டு நிண்டால், உள்ளுக்கை நிக்கிற பிள்ளையள் எந்தப் பக்கத்தாலை வெளியிலை வாறது?"

லொக்கு சேருக்குத் தமிழ் நன்றாக விளங்கும். சிரித்தவர்கள் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்கள். எழும்பியவர்கள் திரும்ப இருந்தார்கள். அப்பா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூங்காக் கேட்டை எவன் வந்து மறிக்கப்போகிறான், இதென்ன விசர்க் கேள்வி என்று எனக்கு ஒரே வெட்கம்.

சந்திக் கடை நானாதான் முதலில் வாய் திறந்தார். "தங்கச்சி செல்றது சரி தானே சேர். பின்னுக்கும் ஒரு கேட் வெப்போம். புள்ளைகள்ட விசயம்."

ஓவசியர் இப்போது பகிடி விடவில்லை. கேட் வைக்கலாம், பின்மதிலுக்கு அப்பால் அடுத்த ஒழுங்கைதானே, ஆனால் கேட்டுக்குப் போகிற பாதை சறுக்கி வருகிற இடத்தால்தான் போகவேண்டும் என்றார். சறுக்கியை ஊஞ்சலுக்குப் பக்கத்தில் போட்டால் என்ன என்று அப்பா கேட்டார். சறுக்கி வருகிற பிள்ளையின் தலையில் ஊஞ்சல் அடிக்கும் என்றார் ஓவசியர். மாரா மரத்தடி? வேர் இடம் விடாது. ஆக, சறுக்கி அல்லது கேட். இரண்டில் ஒன்று.

லொக்கு சேர் என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, "இவதானே சறுக்கி கீறினது?" என்று கேட்டார்.

அம்மாவும் என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதும் முழு நம்பிக்கை இருந்தது. பெற்ற தாயல்லவா!

"கேட்டைப் போடுங்கோ சேர்" என்றார் அம்மா.

"ஐயோ அம்மா!" என்று நான் கத்தியது காலி வீதிவரை கேட்டிருக்கும். தலையில் இடி விழுந்தது என்று சும்மா சொல்வார்கள், எனக்கு உண்மையாகவே காது அடைத்துவிட்டது. கேட்டுக்குச் சம்மதமானவர்கள் கையை உயர்த்துங்கள் என்று லொக்கு சேர் சொன்னது எங்கோ தூரத்தில் கேட்டது. பின்னால் நின்ற தமிழ்த் தாய்மார் ஒவ்வொருவராகக் கையை உயர்த்தினார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவுமில்லை, குசுகுசுக்கவுமில்லை. நானா உயர்த்தினார். அப்பாவும் உயர்த்தினார். கடைசியாக, நிலத்தைப் பார்த்தபடி, லொக்கு சேரும் தன் கையை உயர்த்தினார். சுண்ணாம்புக் கோட்டின்மேல் உட்கார்ந்து குழறி அழுதேன்.

அதற்குப் பிறகு ஒழுங்கையில் என் பாடு நாய்ப்பாடு. இனிப்புத் தந்தவர்கள் இனிப்பைத் திருப்பிக் கேட்டார்கள். ‘உன்ர அம்மாவாலைதான்’ என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. நிலந்தி ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. நான் அம்மாவோடு கதைக்கவில்லை. சாப்பிடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேன். "பசிச்சால் தின்னுவாய்" என்று சோற்றுக் கோப்பையை மூடி வைத்துவிட்டு அம்மா போய்விட்டார். பசித்தது, தின்றேன்.

இப்போது நடுவில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெரியம்மா எனக்கு இதைச் சொன்னது, எனக்கே ஒரு பிள்ளை பிறந்த பிறகு. அம்மாவும் அப்பாவும் முதலில் குடியிருந்தது தெகிவளையில். நான் பிறக்க முன்பு, கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடித் தேடிக் கொளுத்திய அந்தக் கலவரத்தின்போது, அப்பா வேலைசெய்த கந்தோரில் அகப்பட்டுவிட்டார். வீட்டில் அம்மாவும் கைக்குழந்தையாக அண்ணாவும். அந்த வீட்டு வளவுக்கு ஒரேயொரு கேட். பட்டப்பகலில் அந்தக் கேட்டில் ஆட்கள் பொல்லுத் தடியோடு வந்து நின்றிருக்கிறார்கள். அம்மா பின்பக்கம் ஓடி, அண்ணாவை மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்ணின் கையில் கொடுத்திருக்கிறார். மதில் உயரம். அவரால் ஏற முடியவில்லை.

"பிறகு?" என்று கேட்டேன்.

"உயிரோடை வந்தவதானே" என்றார் பெரியம்மா. அதற்குமேல் ஒரு சொல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே தாயிடம், இத்தனை வருடம் வளர்ந்தும் எனக்கு இது தெரியாது என்பது என்னை உலுக்கிவிட்டது. அன்று முழுதும் என் பிள்ளையைக் கீழே விடாமல் தூக்கி வைத்திருந்தேன்.

ஆனால் ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பூங்கா திறந்தது, சறுக்கி இல்லை என்பதுதான். ஊஞ்சல் இருந்தது, சீசோ இருந்தது, பின்மதிலில் பச்சை மை பூசிய ஒரு சின்னக் கேட் இருந்தது. அதில் பூட்டுப் போடக்கூடாது என்று அம்மா லொக்கு சேரிடம் தனியாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

திறந்த சில நாளில், ஒரு பின்னேரம், அம்மா என்னையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போனார். நான் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு ஊஞ்சலில் ஏறினேன். நாலுதரம்கூட ஆடவில்லை.

"இறங்கு" என்றார் அம்மா. "பின்கேட்டாலை பெரியம்மா வீட்டை ஓடு பாப்பம். நானும் வாறன். ஆர் முதல் எண்டு பாப்பம்."

திரும்பவும் திகைத்துப் போனேன். பெரியம்மா வீடு அடுத்த ஒழுங்கையில், கேட்டுக்குக் கிட்டத்தான். ஆனால் ‘பொம்பிளைப் பிள்ளை, ஓடாதை, நட’ என்று என் உயிரை எடுக்கிறவர் இந்த அம்மாதானே! நான் விழித்துக்கொண்டு நிற்க, அவர் சேலையை இழுத்துச் செருகினார், செருப்பைக் கழற்றி வாங்குப் பலகையின் கீழே தள்ளினார், தங்கச்சியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, "ஓடு!" என்றார்.

ஓடினேன். பின்னால் அம்மா ஓடிவரும் சத்தம் கேட்டது. சுருட்டுக் கிழவர்கள் எழும்பி நின்று பார்த்தார்கள். தங்கச்சி சிரித்துச் சிரித்து விக்கினாள். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், சந்தோசம் ஒரு பக்கம். கேட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்ததும், அம்மா எவ்வளவு தூரத்தில் வருகிறார் என்று நின்று திரும்பிப் பார்த்தேன். பிறகு பாய்ந்து போய்ப் பெரியம்மா வீட்டுப் படியைத் தொட்டேன். நான்தான் முதல்!

அம்மா மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். மெச்சுவார் என்று பார்த்தால் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "என்னத்துக்குத் திரும்பிப் பாத்தனி?"

"நீங்கள் வாறியளோ எண்டுதான்..."

"பாக்கக்கூடாது. நான் வாறனோ இல்லையோ, நீ நிக்கக்கூடாது. நீ ஓடவேணும். விளங்கிச்சோ? வா, இன்னொருக்கா."

இரண்டாம் தரம் நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரே ஓட்டம். அம்மா வந்து என் தலையைத் தடவி, "கெட்டிக்காரி" என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. இரண்டுதரமும் தோற்றுவிட்ட கவலை என்று நினைத்தேன்.

எனக்கு அவர்மேல் இரக்கமாகக்கூட இருந்தது. தங்கச்சியை வாங்கில் இருத்திவிட்டு வந்திருந்தால் அவர் என்னைச் சுலபமாக வென்றிருக்கலாம். ஓட்டப் போட்டிக்கு யாராவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்களா? பாவம், அம்மாவுக்கு விளையாடத் தெரியாது என்று முடிவு செய்துகொண்டேன்.