அம்மா விரல் வைத்த வசனம்

அப்பாவின் காலில் சர்க்கரைப் புண் அழுகி மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவர் காய்ச்சலில் நினைவின்றிக் கிடந்தார். டெல்லி ஆஸ்பத்திரி வராந்தாவில், காலை எடுக்கச் சம்மதம் கேட்ட தாளில் அம்மா கைநாட்டு வைக்க மறுத்தார்.

"ஆண்டவர் சொல்லட்டும்" என்று கண்ணை மூடி, வேதப்புத்தகத்தைத் திறந்து ஒரு வரியில் விரல் வைத்தார். எங்கள் வீட்டில் எல்லா முடிவும் இப்படித்தான். அம்மா விரல் வைப்பார், மோதி பாக் தமிழ்ப் பள்ளியில் படித்த நான் வாசிப்பேன். எங்கள் குடும்பத்தில் எழுத்தறிந்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு.

அம்மாவின் விரலுக்குக் கீழே ஒரு வம்ச வரலாறு, வெறும் பெயர்கள்.

"ஜல்தி கரோ, பேட்டா" என்று என்னை அவசரப்படுத்தினார் டாக்டர்.

ஞானம் கேட்டு ஜெபிக்க எனக்குத் தோன்றவில்லை. என் படிப்பே போதும் என்று நினைத்தேன்.

"எடுக்கச் சொல்லிருக்கும்மா" என்றேன்.

அப்பா பிழைத்தார். ஒரு மாதம் கழித்து, தன் காலை எடுக்கச் சொன்ன வசனத்தை என்னை வாசித்துக் காட்டச் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்து இன்னொரு பொய் வரவில்லை. உண்மையைச் சொன்னேன்.

"அப்ப சொன்னது ஆண்டவர் இல்ல, நீயாடி?" என்றார் அம்மா.

"எடுக்கலேன்னா அப்பா செத்திருப்பாரும்மா."

"அதையே சொல்லிருக்கலாமே. படிச்ச புள்ள சொன்னா கேட்டிருக்க மாட்டேனா? ஆண்டவரு பேர்ல ஏன் சொன்ன?"



இப்போது அம்மா வேதத்தைப் பக்கத்து வீட்டு மருமகளிடம் கொண்டுபோகிறார். அவள் டெல்லியில் பிறந்தவள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள்.

"அவளுக்கு இட்டுக்கட்டத் தெரியாது" என்கிறார் அம்மா.