வண்டலூரில் பஸ் ஏறிய சைக்கஸ் கூம்பு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு மாசி மாதச் சனிக்கிழமை, வண்டலூரிலிருந்து பொழிச்சலூருக்கு ஓர் ஆண் சைக்கஸ் கூம்பைச் சுமந்துகொண்டு போனேன். காரணம் என் மனைவியின் அண்ணன். அவர் வீட்டு வாசலில் ஒரு பெண் சைக்கஸ் நின்றது. அதன் விதைகளை எத்தனை முறை விதைத்தும் ஒன்றுகூட முளைக்கவில்லை. "மலட்டுப் பனை மாப்ளே. இந்தத் தடவையும் முளைக்கலன்னா வெட்டிட்டு ஸ்கூட்டருக்கு ஷெட் போட்டுடுவேன்" என்றார்.

அது பனையே இல்லை. பூவும் கனியும் இல்லாமல் திறந்த விதை விடும், பைன் மரம் சேர்ந்த பழைய கூட்டம். ஆண் தனி, பெண் தனி. அருகில் ஆண் இல்லாவிட்டாலும் விதை பருக்கும், உள்ளே கரு மட்டும் இருக்காது. நான் தாவரவியல் வாத்தியார்தான், மச்சான் நம்பினால்தானே.

என்னுடன் வேலை பார்த்த எஸ்தர் டீச்சரின் வண்டலூர் வீட்டில் ஆண் மரம் இருந்தது. ஆண் கூம்பு மகரந்தம் உதிர்ப்பதும் பெண் மரம் அதை ஏற்பதும் சில நாட்கள்தான். இரண்டும் அந்த வாரம் ஒத்துவந்தன. டீச்சர் தயங்காமல் கூம்பை அறுத்துக் கொடுத்தார். ஆண் மரத்தின் நுனி கூம்போடு முடிந்துவிடும், பக்க மொட்டுதான் மேலே வளரும். பெண் மரத்திலோ விதை வளையத்தின் நடுவிலேயே புது இலைகள் கிளம்பும்.

தாம்பரம் வரை ஏழெட்டு கிலோமீட்டருக்கு ஒரு பஸ். அங்கிருந்து பல்லாவரம், பம்மல் வழியாக இன்னொன்று. கூம்பின் நெடி பஸ் முழுக்கப் பரவியது. "இன்னா சார், பையில மதனகாமப்பூவா கீது?" என்றார் கண்டக்டர். நாட்டுமருந்துக் கடையில் ஆண்மைக்கு என்று விற்பது இந்தக் கூம்பின் செதில்தான். பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. மானம் போயிற்று.

மச்சான் ஏணியைப் பிடித்துக்கொள்ள, பவுடர் பஃபால் மகரந்தத்தைத் தட்டிவிட்டேன்.

மழைக்காலம் முடிந்து விதைகள் பழுத்தன. தோலை உரித்து வாளித் தண்ணீரில் போட்டோம். கரு இல்லாத பொக்கு விதை மிதக்கும், முன்பெல்லாம் அத்தனையும் மிதந்தன. இந்த முறை பாதிக்கு மேல் அடியில் போய் உட்கார்ந்தன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

முதல் கன்று தலைகாட்டியதும் மச்சான் கேட்டார்: "இது ஆணா, பொண்ணா?"

"கூம்பு விட்டாத்தான் தெரியும். பத்து வருஷத்துக்கு மேல ஆகும்."

"சரி, இருந்து பாத்துடுவோம்" என்றார்.

சைக்கஸ் பார்க்கக் கிளம்புகிறவர்கள் மாசி, பங்குனியில் போங்கள். விதையைக் கடித்துப் பார்க்காதீர்கள், விஷம். மகரந்தம் வேண்டுமென்றால் காகிதத்தில் தட்டி எடுங்கள், கூம்போடு பஸ் ஏறாதீர்கள். மச்சானின் ஸ்கூட்டர் கடைசிவரை வெயிலில்தான் நின்றது.