வலதுகாலுக்குத் தெரிந்த ஒரே வேலை

அன்று வெள்ளானூர் பொட்டலில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், விமானம் ஓட்டக் கற்றுத்தரும் வாத்தியார், நிலத்துக்காரம்மா, எதற்கும் எழுந்திருப்பதில்லை என்று படுத்திருந்த இரண்டு எருமைகள். நிலத்துக்காரம்மா ஓரமாகச் சேலை விரித்து வடகம் காயவைத்திருந்தார்.

வாத்தியார் என் ஆட்டோவில் தினமும் வருகிறவர். அவருடைய விமானத்துக்கு மூன்று சக்கரம், தலைக்கு மேலே துணி இறக்கை, முதுகுக்குப் பின்னால் காற்றாடி. "உன் ஆட்டோக்கும் மூணு சக்கரந்தானம்மா" என்று ஆசை காட்டிவிட்டார். எங்கள் பக்கம் பறக்க அனுமதி கிடையாது. தரையில் ஒழுங்காக ஓட்டி நிறுத்திக் காட்டினால், அனுமதி உள்ள ஊருக்குக் கூட்டிப்போய் மேலே ஏற்றுவார். எட்டாவதோடு நின்றவளை வேறு யார் இப்படிக் கூப்பிடுவார்கள்? ஆனாலும், இறக்கை கழன்றால்? எருமை எழுந்தால்? ஹெல்மெட்டுக்குள் தும்மல் வந்தால்?

"வலதுகால்ல ஆக்ஸிலேட்டர், இடதுகால்ல பிரேக். மறந்துடாத" என்று சொல்லிப் பின்சீட்டில் ஏறினார் வாத்தியார். ஆட்டோவில் கையை முறுக்கினால்தான் வேகம், வலதுகால் பிரேக்குக்கு. இத்தனை வருடமாக என் வலதுகாலுக்கு வேறு வேலை தெரியாது.

பாதித் தூரம் அழகாகப் போனேன். ஒரு எருமை காதை ஆட்டியது. எழுந்துவிடப் போகிறது என்று பிரேக்கை மிதித்தேன், வலதுகாலால். வண்டி உறுமிக்கொண்டு பாய்ந்தது.

"இன்னாடி பண்ற? பிரேக்க மிதி!" என் வீட்டுக்காரருக்குச் சவாரி கூப்பிட்டுப் பழகிய தொண்டை.

"மிதிச்சிகினுதான்யா கீறேன்!"

அவரும் ஆட்டோக்காரர். நின்ற இடத்திலேயே வலதுகாலால் தரையை ஓங்கி ஓங்கி மிதித்தார். அதைப் பார்த்து நானும் இன்னும் அழுத்தினேன். சக்கரம் மண்ணை விட்டது. ஒரு சாண் உயரம் இருக்கும். நான் அதைப் பறந்தது என்றுதான் சொல்வேன்.

"கால எடும்மா!" வாத்தியார் என் ஹெல்மெட்டில் குத்தினார். இரண்டு காலையும் தூக்கிக்கொண்டேன். வண்டி டொம்மென்று இறங்கி, உருண்டு, நின்றது.

திரும்பிப் பார்த்தால், காற்றாடிக் காற்றில் சேலை வேலிமேல். வடகம் எல்லாம் எருமைகள்மேல். அப்போதும் அவை எழுந்திருக்கவில்லை.

"இன்னொரு தபா இங்கியே ஓட்டிக் காட்டு, கூட்டிகினு போறேன்" என்றார் வாத்தியார், பின்சீட்டிலிருந்து இறங்கிக்கொண்டே.

"எங்க ஓட்டறது? என் நெலத்துலயா?" என்றார் நிலத்துக்காரம்மா. "வடகத்துக்கு அறநூறு ரூபா. மொத்தமா வெச்சிட்டு அப்பறம் பற, எங்கியாவது போ."

சவாரிக் காசில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவருகிறேன். ஆகாயத்துக்கும் எனக்கும் நடுவில் இன்னும் பாக்கி இருநூற்று நாற்பது ரூபாய்.